அடுத்தவர் மூக்கால் குடித்த விஸ்கி

பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்குக் கையைவிட மூக்கு முக்கியம். கை நடுங்கினால் அளவுக் குவளை காப்பாற்றும். மூக்கு போனால் காப்பாற்ற ஒன்றும் கிடையாது.

எனக்குப் போய்விட்டது. ஊரையே படுக்க வைத்ததே அந்தத் தொற்றுக் காய்ச்சல், அதில் போனது. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. திருச்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சுல்ல" என்றார். அதற்கு டார்ச் எதற்கு? நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும் மிச்சம். காபி என்பது கசப்புத் தண்ணீர். ரசம் என்பது புளித்த வெந்நீர். கறிக்குழம்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடையோ, பேங்கோ, ரேஷனோ, எங்கேயாவது ஒரு பலகைக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதிரே நிற்கிற ஆளிடம் உருப்படியாக ஒரு வார்த்தை வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாட்டில் வந்தது

பாதி ஆயுள் கப்பல் பாரில் நின்றேன். மீதிக்குப் பெரம்பலூர். பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டல். கீழே சாப்பாடு, மேலே ரூம், பின்னால் பார். முதலாளி அரியலூர்க்காரர். சர்க்கரை வியாதி. சொட்டுக் குடிக்க மாட்டார். அவருடைய மாப்பிள்ளை ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தபோது மாமனாருக்கு ஒரு பாட்டில் வாங்கி வந்துவிட்டார். மாமனாரைப் பற்றி மாப்பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும்.

முதலாளி அதைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "வூட்டுல வச்சா எம் பொண்டாட்டி என்னைக் கொன்னுடும். இதை விக்காத. சும்மா குடு. யாருக்குக் குடுக்கணும்னு நீயே பாத்துக்க."

பெட்டியைப் படித்தேன். இருபத்தொரு வருஷம் ஊறியது. அந்த ஊர்ச் சதுப்பு நிலத்தில் மட்கிக் கிடக்கும் செடிகொடியை வரட்டி மாதிரி வெட்டிக் காய வைப்பார்கள். பீட் என்று பெயர். அதை எரித்த புகையில் பார்லியை வாட்டிச் செய்த விஸ்கி இது. கடைசிச் சில வருஷம் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்திருக்கிறது. புகை விஸ்கி எனக்குத் தெரியும். ஒயின் பீப்பாய் விஸ்கியும் தெரியும். இரண்டும் சேர்ந்து, இத்தனை வருஷம் ஊறி, ஒருநாளும் கைக்கு வந்ததில்லை. மூக்கு இருந்தவரைக்கும் வராத பாட்டில், மூக்கு போன பிறகு வீடு தேடி வருகிறது.

திறந்தேன். முகர்ந்தேன். சும்மா காற்று. நாக்கில் ஒரு சொட்டு விட்டேன். சூடு. கொஞ்சம் இனிப்பு. மிளகாய் ஊறிய சர்க்கரைத் தண்ணீர். எல்லாம் முதலாளிக்குத் தெரிந்த கதைதான். பெட்டியைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "உனக்கு மூக்கு இல்லாட்டி என்னய்யா, குடிக்கிறவனுக்கு இருக்குல்ல, அவன்கிட்ட கேட்டுக்க."

மெயின் சுவிட்ச்

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். பாட்டில் தீர்வதற்குள் ஒரே ஒரு ஆள், அதில் என்ன வாசனை இருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னால் போதும். அவன் சொல்வதை வைத்து நான் ருசி பார்த்துவிடுவேன். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசையா?

முதலில் எங்கள் சர்வர் மாரி. வெள்ளாற்றுக் கரை ஊர்க்காரன், ஐம்பதைத் தொடுகிற வயசு, பத்தடி தூரத்தில் ஆம்லெட் தீய்ந்தால் சொல்லுவான். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம். கிளாஸில் அரை விரல் ஊற்றி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடத் திரும்பினேன். அதற்குள் விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது. மேலே ரூமில் யாரோ கத்தினார்கள். கீழே சமையற்கட்டில் கிரைண்டர் நின்று, மாஸ்டர் அம்மாவில் தொடங்கித் திட்ட ஆரம்பித்தார். இருட்டுக்குள் மாரி ஓடி வந்தான், கையில் மணல் வாளி.

"என்னடா?"

"வயர் கருகுதுண்ணே! நல்லா மோந்து பாருங்க!"

யாரிடம் சொல்கிறான் பாருங்கள். கிளாஸை நீட்டினேன். முகர்ந்தான். வாளியைக் கீழே வைத்தான். "அண்ணே, சரக்கா இது? நான் ஏசி எரிஞ்சு போச்சுன்னு மெயினையே ஆஃப் பண்ணிட்டேன்!"

சுண்ணாம்பு

வயர் கருகல் என்பது ஒரு தகவல்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபத்தொரு வருஷத்துக்கு அது பத்தாது. ஒயின் எங்கே?

அடுத்து ஒரு லாரி கான்ட்ராக்டர். அரியலூர்ப் பக்கம் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். நிதானமான ஆள், அளவோடு குடிப்பவர், பேச்சும் குறைவு. பொறுக்கித்தான் கொடுத்தேன். தண்ணீர் வேண்டாம், ஐஸ் வேண்டாம், மிக்சர் வேண்டாம், முதலில் முகர்ந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. மாரி தட்டைக் கீழே போட்டுவிட்டான்.

அவர் மரியாதையாகக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்துச் சிந்தினார். மறுபடி முகர்ந்தார். கடைசியில் கிளாஸை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது அவர் பார்வை.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க, மூக்குல சிமென்ட் செட்டாகி ரொம்ப வருஷமாச்சு, வேணும்னா கிக்கு எப்படின்னு சொல்லட்டுங்களா?"

போனில் போட்டிருக்கிறது

மனை விற்கும் புரமோட்டர் ஒருவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, வெள்ளைக் கார். விஷயம் எப்படியோ காதுக்குப் போய் அவரே வந்தார். இதற்கென்று தனி கிளாஸ் உண்டு, அது இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது.

கிளாஸைச் சுழற்றினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் கால் மாதிரி வழிகிற கோட்டைப் பார்த்து, "லெக்ஸ் நல்லா இருக்கு" என்றார். முகர்ந்தார். அப்புறம் வரிசையாகச் சொன்னார்: கடல்பாசி, தோல், டார்க் சாக்லேட், செர்ரி, சுட்ட ஓக். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த பைபாஸில் ஒரு மனிதர். கடல்பாசி எப்படி என்று கேட்டேன். ஈரமாகவா, காய்ந்ததா? கரையிலா, வலையிலா? செர்ரி எப்படி, பழமா, கேக்கில் வைக்கிற சிவப்பு மிட்டாயா?

அவர் முழித்தார். மேசைக்கு அடியில் தொடை மேல் போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். இதே பாட்டில் படம். பக்கத்தில் ஒரு பெரிய பட்டியல்.

"உங்களுக்கு என்ன தெரியுதுங்க? போனை விடுங்க. உங்க மூக்குக்கு?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாது சார், ஆனா இதுல போட்டிருக்கான், அப்ப இருக்கும்."

கல்நத்தை சார்

எங்கள் பக்கத்து மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். ஓடையில் கல்லாகிப்போன நத்தை, சிப்பி எல்லாம் கிடக்கும். அதைப் பொறுக்க வெளியூர் புரொபசர்கள் வருவார்கள். ஒருவர் வெயில் தாங்காமல் உள்ளே நுழைந்தார். தோள்பை நிறையக் கல். பையை வைத்ததும் மேசை ஆடியது.

இவர் பூமிக்குள் பார்க்கிற ஆள், வாசனையும் ஆழமாகத்தான் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்பதற்குள் ஊற்றி வைத்தேன். பீட் புகை என்றேன். "பீட்டா!" என்று எழுந்தே விட்டார். அது நிலக்கரியின் குழந்தைப் பருவமாம். நெய்வேலியில் தோண்டுவது அதற்கு அண்ணனாம். டிஷ்யூ பேப்பரில் படம் போட்டார். மழை, பாசி, சேறு, அதன் மேல் மறுபடி பாசி. பேப்பர் தீர்ந்து மெனு கார்டின் பின்பக்கத்தில் போட்டார். நல்ல மனுஷன். ஒரு வாசகம் தப்பில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது. மூக்கை மட்டும் கிளாஸ் பக்கம் கொண்டுபோகவில்லை.

"சார், குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கிளாஸைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டார். "ஐயையோ, எனக்குப் பழக்கமே இல்லீங்க, வெயிலுக்கு ஒரு லெமன் சோடா கிடைக்குமான்னுதான் உள்ள வந்தேன்."

நீல நெருப்பு

ஊற்றியதை மறுபடி பாட்டிலில் ஊற்றக் கூடாது. தொழிலில் முதல் பாடம் அது. ஊற்றினேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இங்கே சொல்லாத இன்னும் பல பேருக்கும் ஊற்றியதில் பாட்டில் கால்வாசிக்குக் கீழே போய்விட்டது.

எறையூர்க் கரும்பு விவசாயி ஒருவர். டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர். என்னைவிட மூத்தவர். ஆலைக்குக் கரும்பு போட்டே தலை நரைத்தவர். பாகு, சக்கை, மொலாசஸ் என்று காலமெல்லாம் வாசனையிலேயே கிடந்த மூக்கு. இவரைவிட்டால் ஆள் கிடையாது என்று முடிவு செய்தேன். மாரி குறுக்கே புகுந்து, "ஐயா, இதுல ஒரு மாதிரி கருகல் வாடை வருதுங்க" என்று சொல்லித் தொலைத்தான்.

பெரியவர் முகம் மாறியது. அக்கம்பக்கத்து மேசைகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வாடை வருதா? எந்த ஊரு சரக்கு?"

"வெளிநாட்டுச் சரக்குங்க. புகை போட்டுச் செய்வாங்க."

"எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லுவான்."

கள்ளச் சாராயக் காலத்து ஆள். அந்தக் காலத்தில் புது இடத்தில் குடிக்கிறவன் முதலில் கொளுத்திப் பார்ப்பான். நீலமாக எரிந்தால் குடிப்பான். வேறே நிறம் வந்தால் கொட்டிவிட்டு ஓடுவான். நான் என்ன ஏதென்று சுதாரிப்பதற்குள் அவிச்ச முட்டை இருந்த சாசரைத் துடைத்து, கிளாஸில் இருந்ததை முழுசாக அதில் கவிழ்த்து, தீக்குச்சியைக் கிழித்துவிட்டார். ஒரு விரல் சரக்கும் எரிந்தது. அழகாகத்தான் எரிந்தது. எல்லாரும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் முகரவில்லை. முகர்ந்தால் எரிந்த வாசனைதானே வரும், அதைத்தானே நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

பெரியவர் சாசரைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "சுத்தமா நீலமா எரியுது, நல்ல சரக்குதான், தைரியமா குடிங்கடா!"

மாப்பிள்ளை போன்

அந்த வாரமே ஸ்காட்லாந்திலிருந்து போன். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடிவந்தார். குடித்துப் பார்த்தீர்களா மாமா, எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்கிறாராம். பேச்சு வெளியே போகாமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு, நீ சொல்லு என்று என்னிடம் நீட்டினார்.

நான் எதைச் சொல்ல? வயர் கருகல். சிமென்ட். நீல நெருப்பு. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தெரியாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. கப்பலில் ஒரு வெள்ளைக்காரரிடமே, இது எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லியிருக்கிறேன். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா, அதுக்கு மூக்கு எதுக்கு!"

கடைசி ஊற்று

அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. அலுத்துவிட்டது. அடியில் கொஞ்சம் கிடந்தது. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தூசி துடைக்கும்போது மட்டும் பாட்டிலை எடுத்து, ஒரு தடவை முகர்ந்துவிட்டு, வைத்துவிடுவேன். காற்று. மறுநாள் மறுபடி காற்று. எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை என்று ஒருவழியாகப் புரிந்துபோனது.

ஒரு மத்தியானம். மழை மூட்டம். பாரில் ஈ ஆடவில்லை. நாற்பது வயசுக்காரர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். புது மொட்டை. மீசையும் இல்லை. வேட்டியில் முழங்கால் அளவுக்குச் சாம்பல் கறை.

"தீட்டோட வந்திருக்கேங்க. ஓரமா உக்காந்துக்கிறேன்."

"பார்ல ஏதுங்க தீட்டு. இப்படி வாங்க."

ஊர் வாலிகண்டபுரம். நேற்று அப்பாவை எரித்தாகிவிட்டது. கருமாதிக்குப் பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் சொல்லிவிட்டுப் போக டவுனுக்கு வந்திருக்கிறார். "எதாச்சும் ஒரு கட்டிங் குடுங்க. வூட்டுக்குப் போகவே கால் வரல." கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போனது. அடியில் கிடந்ததை வடித்து ஊற்றி வைத்தேன். தண்ணீர் ஊற்ற மாரி வந்தான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அந்த ஆளிடம் முகர்ந்து பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவனிடம் என்னத்தைக் கேட்பது?

அவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி எடுத்து மூக்கருகே வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.

"என்னங்க?" என்றேன்.

"காலையில பால் தெளிச்சோம்ங்க." கிளாஸை இறக்காமலே பேசினார். "உள்ள இன்னும் கனகனன்னு இருந்துச்சு. தண்ணி ஊத்தி அணைச்சாங்க. அப்புறம் நான் பால் ஊத்துனேன், எளநி ஊத்துனேன். குப்புன்னு ஒரு ஆவி வந்துச்சு பாருங்க, மூஞ்சியில. சுடுகாட்டுக்குத் தங்கச்சி வர முடியாதுல்ல, அப்பாவுக்குப் புடிக்கும்னு கறுப்புத் திராட்சை குடுத்து விட்டுச்சு. அதைச் சாம்பல் மேல வச்சேன். அந்தச் சூட்டுல ஒண்ணொண்ணா வெடிச்சு அதுலயே வழிஞ்சுது. புகையும் அதுவும் சேந்து... இதேதாங்க. இதே வாசனைதாங்க."

என் மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எங்கப்பாவுக்குப் பால் தெளித்தவன் நான். மருதையாற்றுப் படுகை. ஈரச் சாம்பல் காலில் ஒட்டியது, பால் சொம்பிலிருந்து கையில் வழிந்தது, புகை தொண்டையில் இறங்கியது, எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. அதன் மேல் இந்த மனுஷன் திராட்சையை வைத்துவிட்டார். புகை, சாம்பல், பால், வெடித்த கறுப்புப் பழம். இருபத்தொரு வருஷம் இதுதான். இவ்வளவுதான் நான் தேடியது. கிடைத்தபோது மாரி பக்கத்தில் நிற்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளாஸ் துடைத்தேன்.

அவர் குடித்தார். துளித்துளியாக, கண்ணை மூடிக்கொண்டு. கப்பலில்கூட அப்படி ஒருவர் குடித்துப் பார்த்ததில்லை. தீர்ந்ததும் கிளாஸை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?"

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டு வந்தது. அதுவும் கிளாஸ் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அவரே புரிந்துகொண்டார். எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "காலிப் பாட்டிலை நான் எடுத்துக்கட்டுங்களா, அம்மாவுக்குத் தெரியாம வச்சிருந்து, வாசனை போனதும் தூக்கிப் போட்டுடுறேன்."

அதில் ஒரு விரல் எரிந்தது, ஒரு மடக்கு போனைப் பார்த்துப் போனது, மிச்சமிருந்த வாசனை மொட்டைத் தலைக்காரர் மடியில் உட்கார்ந்து வாலிகண்டபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போனது, மூக்கே இல்லாத நான் மட்டும் அவர் மூக்கால் அதைக் குடித்து முடித்தவன்.